இழப்பு: இல்லை

அந்த மருத்துவமனையின் நாலாவது மாடி முழுக்க இணையக் காவல் பிரிவுக்குச் சொந்தம். மூன்றாவது மாடியில் ஒரே கட்டிலில் இரண்டு நோயாளிகள் தலைமாடு கால்மாடாகப் படுத்துக் கிடந்த நாட்களிலும், நாலாவது மாடியில் ஆளில்லாத அறைகளுக்கு ஏசி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் மெஷினுக்கு வேர்க்கக் கூடாதாம். வாசலில் கண்ணாடிக் கதவு, கதவுக்கு மேலே பித்தளை எழுத்தில் 'விழித்திருக்கிறோம்' என்று ஒரு பலகை. யாரைப் பார்த்து விழித்திருக்கிறார்கள், எதற்காக விழித்திருக்கிறார்கள் என்று மேலே ஏறிப்போய்க் கேட்ட புண்ணியவான்கள் ஒருவரும் பதிலோடு இறங்கி வந்ததில்லை. எல்லோரும் ஒரு துண்டுச் சீட்டோடு இறங்கி வந்தார்கள். அதில் புகார் எண் இருக்கும்.

ஸ்கேன் அக்காவுக்கு அந்தப் புதன்கிழமை காலை வரைக்கும் நாலாவது மாடிப் பக்கம் எந்த ஜோலியும் இருந்ததில்லை. கீழ்த்தளத்தில், மருந்துக் கிடங்குக்கு அடுத்த அறையில், பதினாறு வருடமாக மனிதர்களின் உள்ளுறுப்புகளைப் படம் எடுத்துக்கொண்டிருப்பவள். பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிற அம்மா வரை எல்லோருக்கும் அவள் ஸ்கேன் அக்காதான். அதட்டுவாள், ஊசிக்குப் பயந்து அழுகிறவர்களின் கையையும் பிடித்துக்கொள்வாள். போன மாதம் புது மெஷின் வந்தது. மெஷின் வந்த கையோடு, படம் பார்த்துச் சொல்கிற டாக்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். இனிமேல் படத்தை இணையத்தில் அனுப்பினால் நாலு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பார்த்துச் சொல்வார்களாம். ஆளைக் குறைத்ததற்கு நவீனமயம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

புதன்கிழமை மேசையில் படுத்திருந்தவன் ஆம்புலன்ஸ் டிரைவர். அவனை எல்லோரும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியில் சைரன் வேலை செய்யாத நாட்களில்கூட அவன் தொண்டை ஒன்றே போதும், சந்தைத் தெருவே ஒதுங்கி வழிவிடும். ஒரு வாரமாகத் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டியவன், அன்று காலை பதினோரு வருடமாக நுழைந்து வெளியேறுகிற அதே கேட்டின் தூணில் வண்டியை உரசிவிட்டான்.

"அக்கா, அந்தத் தூணை யாராவது நகத்தி வச்சாங்களா? வலது பக்கம் தூணே இல்லையே."

"வாயை மூடிட்டு ஆடாம படுடா."

"ஆடலக்கா. நீங்கதான் ரெண்டா தெரியிறீங்க. ஒரு அக்காவையே சமாளிக்க முடியல."

படத்தைப் பார்த்த வார்டு டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்கேன் அக்காவை வெளியே கூப்பிட்டார். சைரனின் மனைவியும் எழுந்து வந்து நின்றாள்.

"தலைக்குள்ள வீக்கம் இருக்கு. கண்ணுக்குப் போற நரம்பை அமுக்குது. அறுக்கணுமா, மருந்துலயே கரையுமான்னு சொல்ற படிப்பு என்கிட்ட இல்ல. பெரிய ஆஸ்பத்திரியில நரம்பு டாக்டர் முழுப் படத்தையும் பாத்துச் சொல்லணும். அவர் பாத்து நம்பர் குடுத்தாத்தான் அங்க பெட்டும் கிடைக்கும்."

"எவ்வளவு நாள் இருக்கு டாக்டர்?" என்றாள் மனைவி.

"வெள்ளிக்கிழமை. அன்னிக்கு ராத்திரிக்குள்ள அவர் பாத்துட்டா காப்பாத்திடலாம். அதுக்கு மேல கண்ணுக்கு நான் பொறுப்பு சொல்ல மாட்டேன்மா."

புதன் காலை சரியாகப் பத்து மணிக்கு ஸ்கேன் அக்கா படத்தை அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். அதுவரை அந்த வழியில் போனதெல்லாம் கை எலும்பு, கால் எலும்பு என்று சின்னச் சின்ன எக்ஸ்ரே. இவ்வளவு பெரிய படம் போவது இதுதான் முதல் தடவை. திரையில் ஒரு பச்சைக் கோடு முளைத்தது, ஒரு நூலளவு நகர்ந்து அப்படியே நின்றது. கீழே எழுத்து வந்தது: மீதம் 35 மணி நேரம்.

"முப்பத்தஞ்சு மணி நேரமா? நடந்தே கொண்டு போயிடலாமேக்கா" என்றான் சைரன், மேசையில் கால் தொங்கப் போட்டபடி. "ஒரு சீடியில போட்டுக் குடுங்க. நாலு மணி நேர ரோடு. நான் மிதிச்சா மூணு." சொல்லிவிட்டு, தன்னால் ஓட்ட முடியாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தவனாகக் கையைப் பார்த்துக்கொண்டான்.

சீடி எழுதுகிற பெட்டியைப் போன வருடமே பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பென் டிரைவ் செருகும் துளைகளில் இணையக் காவல் பிரிவு பசை ஊற்றி அடைத்திருந்தது. படம் இருக்கிற கணினிப் பொட்டியையே தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு போகலாமே என்றாள் மனைவி. பொட்டி கேட்டைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு நாலாவது மாடியில் பதினைந்து நாள் ஆகும். ஸ்கேன் அக்கா திரையைத் தன் கைப்பேசியில் போட்டோ எடுத்து நரம்பு டாக்டருக்கு அனுப்பிப் பார்த்தாள். 'இதில் மண்டை எது, மேசை விளக்கு எது என்றே தெரியவில்லை, முழுப் படம் அனுப்பவும்' என்று பதில் வந்தது.

வேறு வழி தெரியாமல், நியாயமான மனுஷி செய்கிற காரியத்தை அவள் செய்தாள். நாலாவது மாடி உதவி மையத்துக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தாள்.

மணி பன்னிரண்டுக்கு உதவி மையத்து ஆள் வந்தார். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு அணைச்சுப்போடு என்று பெயர். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றாலும் சரி, மின்விசிறி சத்தம் போட்டாலும் சரி, அவர் வைத்தியம் ஒன்றுதான். அவர் உள்ளே வரும்போது பச்சைக் கோடு ஓரளவு வளர்ந்து, மீதம் 33 மணி நேரம் என்று காட்டிக்கொண்டிருந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. "என்ன பிரச்சனை?" என்று கேட்டுக்கொண்டே மேசைக்குப் பின்னால் கையை விட்டு ஸ்விட்சை அணைத்தார்.

"ஐயையோ, அது போயிட்டிருக்குங்க!" என்று ஸ்கேன் அக்கா கத்தியது அறைக்கு வெளியே கேட்டது.

பத்து வரை எண்ணிவிட்டு அவர் மறுபடி போட்டார். பச்சைக் கோடு முதலிலிருந்து தொடங்கியது. அந்த மென்பொருள் அப்படி. வழியில் ஒரு நொடி அறுந்தாலும் போனதையெல்லாம் மறந்துவிட்டு அனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்கும். மீதம் 35 மணி நேரம்.

"முப்பத்திமூணா குறைஞ்சிருந்ததுங்க. இப்ப மறுபடி முப்பத்தஞ்சு ஆயிடுச்சே!"

"அதான் மேடம், பழைய நிலைமைக்குக் கொண்டு வந்துட்டேன். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க." படிவத்தில் 'சரிசெய்யப்பட்டது' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது.

அவள் கையெழுத்துப் போடாததால் புகார் ஒரு படி மேலே ஏறியது. நாலு மணிக்கு வேகம் அளக்கிறவர் வந்தார். கழுத்தில் மூன்று அடையாள அட்டை, கையில் தன்னுடைய சொந்த மடிக்கணினி. கோட்டில் அப்போது 31 மணி நேரம் மிச்சம். ஸ்கேன் அக்கா வாயைத் திறப்பதற்குள் அவர் ஸ்கேன் கணினியிலிருந்து கேபிளை உருவித் தன் மடிக்கணினியில் செருகிவிட்டார். வேகம் அளக்கிற ஒரு பக்கத்தைத் திறந்தார். வட்டத்துக்குள் ஒரு முள். அது விருட்டென்று கிளம்பி வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நடுங்கியது.

"தொள்ளாயிரம்! பாத்தீங்களா? இந்த வேகத்துல உங்க படம் என்ன, இந்த ஆஸ்பத்திரியையே அனுப்பலாம்."

"அப்ப என் படம் ஏன் சார் போக மாட்டேங்குது?"

"படம் போகலைன்னா அது படத்தோட பிரச்சனை. வேகம் நல்லாத்தான் இருக்கு." முள்ளை ஆசையோடு இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, கேபிளைத் திரும்பச் செருகினார். மீதம் 35 மணி நேரம். அவர் எழுதிவிட்டுப் போன படிவத்தில் 'பிரச்சனை இல்லை' என்று இருந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கோடு பாதிக்கு வந்திருந்தது. ஸ்கேன் அக்கா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். அப்போது அணைச்சுப்போடும் வேகம் அளக்கிறவரும் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் சரிசெய்யப்பட்டது என்று எழுதியிருக்கிறார், மற்றவர் பிரச்சனை இல்லை என்று எழுதியிருக்கிறார். இல்லாத பிரச்சனையை எப்படிச் சரிசெய்ய முடியும் என்று மேலிடத்தில் கேள்வி வந்துவிட்டதாம். அதனால் கூட்டாய்வு. அவள் "வேண்டாங்க, நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்" என்று கெஞ்சினாள். கூட்டாய்வு நடக்கும்போது புகாரை வாபஸ் வாங்க முடியாதாம். ஒருவர் அணைத்தார், மற்றவர் கேபிளை உருவினார், இருவரும் ஒருவர் வேலையை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள். மணி பத்துக்குக் கோடு மறுபடியும் பூஜ்யத்தில் நின்றது.

அதற்கு மேல் ஸ்கேன் அக்கா கீழே நிற்கவில்லை. வெள்ளை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நாலாவது மாடிக்குப் படியேறினாள்.

பிரிவுத் தலைவர் உட்கார வைத்தார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பண்பான மனிதர். அவருக்குப் பின்னால் சுவரில், திருமணப் போட்டோ மாட்டுகிற மாதிரித் தங்கச் சட்டம் போட்டு, ஃபயர்வால் விதிகளின் பட்டியல் தொங்கியது. இருநூற்றுப் பதினாலு விதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கையெழுத்து.

"ஃபயர்வால்னா என்னம்மா? நம்ம கேட் காவலாளி மாதிரின்னு வச்சுக்குங்க. கையில ஒரு பட்டியல். யார் வந்தாலும் பட்டியலை மேலேர்ந்து கீழ படிப்பான். முதல்ல எந்த விதி பொருந்துதோ, அதைச் செஞ்சுட்டுப் பட்டியலை மூடிடுவான். அதுக்குக் கீழ படிக்க மாட்டான்."

"சரி சார். எங்க ஸ்கேன் ரூமுக்கு விதி இருக்கா?"

"இருக்காவா? ரொம்ப நல்ல விதி. புது மெஷின் வந்த அன்னிக்கே போட்டுட்டோம். ஸ்கேன் அறைக்கு வேகக் கட்டுப்பாடே கிடையாது, முழு வேகம். இதோ, கடைசியில பாருங்க. இருநூத்திப் பதினாலு."

"கடைசியிலயா?"

"உதவிப் பொறியாளர் கையெழுத்துப் போட்டது. வேற எங்க வைக்கிறது?"

ஸ்கேன் அக்காவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பட்டியலை ஏற இறங்கப் பார்த்தாள். மேலே இயக்குநர் கையெழுத்து, அடுத்து இணை இயக்குநர்கள், அப்புறம் துணை, உதவி. விதிகளை அவர்கள் தேவைப்படி அடுக்கவில்லை, பதவிப்படி அடுக்கியிருந்தார்கள். விதி ஒன்று இப்படி இருந்தது: 'இயக்குநர் உரைக்கும், வேகம் அளக்கும் பக்கத்துக்கும் தடையின்றி வழிவிடுக. வெளியே செல்லும் மற்ற எல்லாப் பெரிய கோப்புகளும் அறுபத்துநான்கு கிலோபிட்டில் செல்க.' அந்த அறுபத்துநான்கில் ஒரு பாட்டைக்கூட முக்கி முக்கித்தான் அனுப்ப முடியும்.

"அப்ப முதல் விதியைப் படிச்சதுமே பட்டியலை மூடிடும். எங்க விதி வரைக்கும் ஃபயர்வால் வரவே வராது."

"வராது" என்றார் தலைவர், சந்தோஷமாக. "இதுவரைக்கும் ரெண்டாவது விதிக்கே அது வந்ததில்ல."

"எங்களோடதைத் தூக்கி மேல வச்சா என்ன சார்? படிக்கிறது மெஷின்தானே. மெஷினுக்கு என்ன சீனியாரிட்டி?"

தலைவரின் முகம் முதல் தடவையாகச் சுருங்கியது. "அம்மா, ஒரு உதவிப் பொறியாளரோட விதியை இயக்குநர் விதிக்கு மேல வைக்கிறதா? மெஷினுக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினா தெரியுமே! வர்றவங்க போறவங்க பாப்பாங்களே! பாதுகாப்புன்னா திருடன் வராம பாத்துக்கறதுன்னு வெளியில நினைக்கிறாங்க. திருடன் வந்தா ஒரு அறிக்கை எழுதிட்டுப் போயிடலாம். இயக்குநர் மனசு கோணினா நான் எங்க போவேன்? இந்தப் பிரிவு பன்னெண்டு வருஷமா எதைக் காப்பாத்திட்டு வருதுன்னு நினைக்கிறீங்க? இந்த வரிசையைத்தான்."

"கீழ ஒருத்தனுக்குக் கண்ணு போகப் போகுது சார்."

"வருத்தமான விஷயம். விதி ஒண்ணை மாத்தணும்னா அதைப் போட்டவர் கையெழுத்துப் போடணும். இப்ப இருக்கிறவர் பொறுப்பு இயக்குநர்தான். பொறுப்புங்கிறது முழுசை விட அரைப்படி கீழ. போட்டவர் ரிட்டயர்ட் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. வேணும்னா அவரைப் போய்ப் பாருங்க."

சொன்னதை நம்பி வெள்ளிக்கிழமை காலை அவள் முன்னாள் இயக்குநரின் வீட்டுக்குப் போனாள். சைரனுக்கு அன்று காலை வலது கண் முழுசாக மங்கிவிட்டது. இடது கண்ணில் ஆட்கள் புகைக்குள் நிற்பது போல் தெரிந்தார்கள். மனைவி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன என்று கால்மணிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தெரிகிறதா என்று சோதிக்கத்தான் கேட்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அவன் குத்துமதிப்பாகச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தான்.

முன்னாள் இயக்குநர் வீட்டில் கட்டம் போட்ட பைஜாமாவில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு கோப்போடு பெண் வந்து நிற்பதைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு ஓடிவந்தார்.

"கையெழுத்தா? என்கிட்டயா? ஆறு வருஷமா ஒருத்தரும் வரலம்மா. உக்காருங்க, உக்காருங்க." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "அட, இதுவா! இது என் பிரிவுபசார விழாவுக்குப் போட்டது. நான் பேசுறதை எல்லா ஹால்லயும் நேரடியா காட்டினாங்க. விட்டு விட்டு வரக்கூடாதுன்னு மத்ததையெல்லாம் ஒரு நாளைக்கு அமுக்கி வைக்கச் சொன்னேன். முள்ளு நல்லா ஓடுதான்னு பாக்கறதுக்கு அந்த வேகப் பக்கத்தையும் சேத்துக்கிட்டேன். ஒரே ஒரு நாளைக்குத்தான். சாயங்காலமே எடுத்திருக்கணுமே?"

"எடுக்கல சார்."

"அப்ப என் உரை..." அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "இன்னும் ஓடுதா?"

"கீழ் ஹால் டிவியில ஓடிட்டிருக்கு சார். சத்தம் வராது."

அவர் கண் கலங்கிவிட்டது. பேனாவைத் திறந்தவர், காகிதத்தைத் தொடுவதற்கு முன் நிறுத்தினார். "இதை எடுத்துட்டா உரை நின்னு போயிடுமோ?"

பதினாறு வருட வேலையில் ஸ்கேன் அக்கா நோயாளிகளிடம்கூடப் பொய் சொன்னதில்லை. "நிக்கவே நிக்காது சார்" என்றாள். அவர் பச்சை மையில், வாலை நீட்டி வளைத்து, ஒன்றுக்கு இரண்டாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஏழு பேர் கொண்ட குழு அந்தக் கையெழுத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. பழைய கோப்புகளோடு ஒப்பிட்டது. மணி நாலாகிவிட்டது. கையெழுத்து அவருடையதுதான் என்று ஏழு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

"ஆனா பதவி இப்ப அவர்கிட்ட இல்லையே" என்றார் தலைவர்.

"நீங்கதானே சார் அவர்கிட்ட போகச் சொன்னீங்க?"

"போட்டவர் கையெழுத்து வேணும்னு சொன்னேன். போட்டது அவரா? இயக்குநரா? இயக்குநர். இயக்குநர் பதவி காலி. காலியா இருக்கிற ஒரு பதவியோட மனசை நாம புண்படுத்தலாமா?"

ஸ்கேன் அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. அவள் மனது கீழே அந்தப் பச்சைக் கோட்டில் இருந்தது. வியாழன் பத்து மணியிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. கணக்குப்படி இன்று இரவு ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நரம்பு டாக்டரிடம் பேசியிருந்தாள், காத்திருந்து பார்ப்பதாக அவரும் சொல்லியிருந்தார். இவர்கள் முகத்தில் விழிக்காமல் கீழே போய்விட்டால் போதும் என்று எழுந்தாள்.

"இருங்கம்மா" என்றார் தலைவர். "உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியாம இல்ல. வார விடுமுறைக்கு முன்னாடி குழுவே நேர்ல வந்து பாத்துடும்."

ஐந்து மணிக்கு ஏழு பேரும் வந்தார்கள். செருப்புக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை, முகத்தில் முகமூடி, கூட அணைச்சுப்போடும் ஒரு போட்டோகிராபரும். திரையில் மீதம் 4 மணி நேரம் என்று இருந்தது. கோடு கிட்டத்தட்ட மறு ஓரத்தைத் தொட்டுவிட்டது. ஸ்கேன் அக்கா மேசைக்கும் அவர்களுக்கும் நடுவில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"நாலு மணி நேரம்தான் சார் மிச்சம். உங்க காலில வேணும்னாலும் விழறேன். யாரும் எதையும் தொடாதீங்க."

"தொடாம எப்படிம்மா ஆய்வு பண்றது?"

"ஆய்வே வேண்டாம் சார்! எனக்குப் பிரச்சனையே இல்ல! எல்லாம் நல்லா இருக்கு, எழுதிக் குடுக்கறேன்!"

"பதட்டப்படாதீங்க. முறைன்னு ஒண்ணு இருக்கு. இந்த முறைக்காகத்தான் நாங்க இருக்கோம்." தலைவர் தலையை அசைத்தார். இரண்டு பெண் அலுவலர்கள் அவள் தோளை, நிஜமாகவே அன்போடு, பிடித்து ஓரமாக நகர்த்தினார்கள். அணைச்சுப்போடு குனிந்தார். பத்து வரை எண்ணுவது அறை முழுக்கக் கேட்டது. திரை மறுபடி வெளிச்சமானபோது மீதம் 35 மணி நேரம் என்று வந்தது. கணினி நன்றாகத் துவங்குகிறது என்று குழு குறித்துக்கொண்டது. திரைக்கு முன்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பதவி வரிசைப்படிதான் நின்றார்கள். பிறகு சனி, ஞாயிறு நல்லபடியாகக் கழியட்டும் என்று ஒருவரையொருவர் வாழ்த்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

சனிக்கிழமை யாரும் வரவில்லை. உதவி மையம் பூட்டியிருந்தது. வேகம் அளக்கிறவர் வேறு எங்கோ முள்ளை ஓட்டிக்கொண்டிருந்திருப்பார். அணைப்பதற்கும் உருவுவதற்கும் ஆளில்லாத அந்த இரண்டு நாளில், படம் தன்பாட்டுக்கு, அதே அறுபத்துநான்கில், ஒரு விக்கல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தது. ஞாயிறு காலை நரம்பு டாக்டர் பார்த்தார். உடனே நம்பர் வந்தது, பெட் வந்தது, மத்தியானமே ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. சாயங்காலம் அவர் போனில் ஸ்கேன் அக்காவிடம் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை நைட் வந்திருந்தாக்கூட ஒரு கண்ணையாவது காப்பாத்திக் குடுத்திருப்பேன்மா. வியாழக்கிழமைன்னா ரெண்டையும்."

அவள் போனை வைத்துவிட்டு, ஸ்கேன் உறை ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். புதன் காலை பத்து மணி. கூட்டல் முப்பத்தைந்து. வியாழன் இரவு ஒன்பது. வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், இரண்டு கண்ணும் மிஞ்சியிருக்கும். அந்த அறையின் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள்.

ஒரு மாதம் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. நாற்பது பக்கம், வழவழப்பான தாள், நடுவில் அந்தக் குழு போட்டோ. புகாருக்கு உடனுக்குடன் நாலு முறை நேரில் சென்று தீர்வு காணப்பட்டது என்று பாராட்டியிருந்தார்கள். ஸ்கேன் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்ததற்கும், ஆய்வுக் குழுவைக் கை விரித்துத் தடுத்ததற்கும் ஸ்கேன் அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் தனியாக இணைத்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் முடிவு:

அனுப்பப்பட்ட அளவு: முழுமை. பெறப்பட்ட அளவு: முழுமை. இழப்பு: இல்லை.

கூடவே ஒரு புதிய விதி. இனிமேல் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் எந்தக் கோப்பை அனுப்பினாலும் உதவி மையத்துக்குக் கட்டாயம் தகவல் தர வேண்டும். தகவல் கிடைத்த பத்து நிமிடத்தில் ஆள் வந்து சரிசெய்வார். தலைவர் கையெழுத்துப் போட்டிருந்ததால் இது ஐந்தாவது இடத்தில் இருந்தது.

சைரன் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தான். வலது கண் முழுக்கப் போய்விட்டது, இடது கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும். ஸ்கேன் அக்கா அவனிடம் மறைக்கவில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த உறைக் கணக்கைச் சொன்னாள். "நான் புகாரே குடுக்காம இருந்திருந்தா போதும்டா" என்றாள்.

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "அதை ஏன்க்கா கணக்குப் போட்டீங்க?" என்றான். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

நிர்வாகம் கருணையோடு நடந்துகொண்டது. டிரைவர் வேலை இனி முடியாது என்பதால், பார்வை அவசியமில்லாத ஒரு வேலையாகத் தேடி, நாலாவது மாடி உதவி மையத்தில் அவனைப் போனுக்கு உட்கார வைத்தது. தகவலைக் கேட்டுப் படிவத்தில் எழுதித் தட்டில் போட வேண்டும். படிவத்தைப் பார்த்து ஆள் கிளம்புவார். கண் தெரியாதவன் எப்படி எழுதுவான் என்று அந்த மாடியில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுகிற ஆளை அங்கே எடுப்பதும் இல்லை. ஆறு மாதத்தில் நிலைமை பிரமாதமாக முன்னேறியது. நிலுவையில் ஒரு புகார்கூட இல்லை என்று அந்த வருடத்தின் சிறந்த பிரிவுக்கான கேடயத்தை நாலாவது மாடி தட்டிச் சென்றது.

கேடயம் வாங்கிய மறுநாள் காலை, சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலையில் அடி. சைரனுக்குப் பிறகு அவ்வளவு பெரிய படம் எடுக்க வேண்டி வந்தது இதுதான் முதல் தடவை. வார்டு டாக்டர் இரண்டு நாள் கெடு சொன்னார். ஸ்கேன் அக்கா படத்தை அனுப்பினாள். பச்சைக் கோடு முளைத்தது. மீதம் 35 மணி நேரம்.

புது விதிப்படி ஒரு மணி நேரத்துக்குள் தகவல் சொல்லாவிட்டால் தொடர்பைத் துண்டித்துவிடுவார்கள். அவள் கொத்தனாரின் மகளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு எண்ணை அமுக்கினாள்.

"உதவி மையம், விழித்திருக்கிறோம்" என்றது பழைய சந்தைத் தெருக் குரல். அவள் பேசியதும் குரல் தணிந்தது. "அக்காவா? எவ்வளவு நேரம் காட்டுது?"

"முப்பத்தஞ்சுடா."

"ஆமா மேடம், பதிவு பண்ணிக்கிட்டேன் மேடம், உடனே ஆள் வருவார் மேடம்!" என்று அவன் சத்தமாகச் சொன்னான். பின்னால் யாரோ நடந்து போகிற செருப்புச் சத்தம் கேட்டது. கதவு சாத்திக்கொண்டதும் அவன் வாயைப் போனுக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு பேசினான்.

"ஆறு மாசமா வெறும் பேப்பர்ல பேனா மூடியை ஓட்டித் தட்டுல போட்டுட்டிருக்கேன்க்கா. ஒருத்தன் எடுத்துப் பாக்கல. அதுக்குத்தான் கேடயம். நீங்க பயப்படாம அனுப்புங்க. நான் யாரையும் அனுப்ப மாட்டேன்."